மானியப் பணமும் ஆரம்ப இருப்பும்



ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது ஆரம்ப இருப்பு, கொள்முதல், விற்பனை, இறுதி இருப்பு நான்கையும் பார்த்த பிறகே லாபம் இவ்வளவு என்கிறோம். கொள்முதல் பில்லை மட்டும் காட்டி லாபம் பேசுகிறவரை யாரும் வியாபாரி என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் மானியத்தில் நடக்கும் காரியங்களில் நாம் கொள்முதல் பில்லை மட்டுமே பார்க்கிறோம். இந்தத் தவறு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு நம் ஏலகிரி மலைக்குக் கீழேயே பாடம் இருக்கிறது.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை நாமெல்லாம் அறிந்ததே. 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வு குறிப்பிடப்பட்டுள்ளது. நிலம் விளையாத ஊரில் மளிகைக் கடையின் கடன் நோட்டுதான் தடிக்கும். ஆகவே இது நம் கவலையும்தான்.

அக்காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட மத்திய அரசு 25 சதவீதம், மாநில அரசு 25 சதவீதம் மானியம் தரும் திட்டம் இருந்தது. மீதிப் பாதி, தொழில் செய்வோரின் பங்கும் கடனும். நிலையங்கள் எழுந்தன. அழுக்கும் குரோமியமும் குறைந்தன. ஆனால் பச்சைத் தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு நீரில் கரைந்தபடியே வெளியேறியது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த பொருள் இருக்கலாகாது என்பது விதி. முதலில் கட்டிய தொட்டிகளால் உப்பைப் பிரிக்க இயலாது. பிற்பாடு ஆர்.ஓ. இயந்திரமும், நீரை ஆவியாக்கும் இயந்திரமும் சேர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு மறுபடியும் பெருஞ்செலவு. இத்தனைக்கும் பிறகு 2025 ஜனவரி 30-ல் இழப்பீடு குறித்தும், மாசு நிலையை ஆராய ஒரு குழு அமைப்பது குறித்தும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது.

நிலையம் கட்டுவது கொள்முதல். கிணற்று நீர் நல்ல நீராவதுதான் லாபம். எதை எண்ண வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைப்பதே இதில் நாம் கற்க வேண்டியது.

நமக்கு ஏற்றதாக ஓர் உதாரணம் பார்ப்போம். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை. ஏலகிரிக் கடைக்காரர்கள் துணிப்பைத் திட்டத்துக்கு மானியம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "5,000 பைகள் வழங்குதல்" என்று எழுதினால் அது செலவுக் கணக்கே தவிர குறிக்கோள் ஆகாது. செய்ய வேண்டியவை இவை:

1. ஆரம்ப இருப்பு: பை வாங்குமுன் பத்துக் கடைகளில் ஒரு வாரம், 100 பேரில் எத்தனை பேர் சொந்தப் பையுடன் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். சுற்றுலாக் கூட்டம் வரும் சனி, ஞாயிறைத் தனியாக எழுதுங்கள்.

2. குறிக்கோள்: எண்ணும் தேதியும் இருக்கட்டும். 20 பேர் என்பது ஓராண்டில் 60 ஆக வேண்டும் என்பது போல.

3. எண்ணுபவர்: பை கொடுத்தவரே எண்ணலாகாது. வேறு ஆள் எண்ணட்டும். அவர் கூலியையும் மனுவிலேயே சேர்த்துவிடுங்கள்.

4. இடைக்கணக்கு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். எண்ணிக்கை நகராவிட்டால் மறைக்காமல் முறையை மாற்றுங்கள்.

5. இறுதி இருப்பு: அடுத்த ஆண்டு அதே வாரத்தில், அதே கடைகளில் எண்ணுங்கள். கோடை சீசனை மழைக்காலத்தோடு ஒப்பிட்டால் கணக்குத் தப்பும்.

6. பிற்காலச் செலவு: சுத்திகரிப்பு நிலையம் கட்ட மானியம் வந்தாலும், அதை நடத்தும் செலவு உறுப்பினர்கள் தலையில்தான். பை கிழிந்தபின் அடுத்த பைக்குக் காசு யார் தருவது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இருப்பு எடுக்கத் தெரிந்த எவராலும் முடியும். அடுத்த முறை நம் சங்கத்தில் மானிய மனு எழுத உட்காரும்போது, தொகையை நிரப்புவதற்கு முன் ஆரம்ப இருப்பை எழுதுவோம்.