ஒலியும் அதிர்வும் நுரையீரல் நோயும்

கொல்லிமலையிற் பலா பழுக்குங் காலத்தில், மலைவாழ் மக்கள் பழத்தைக் கையால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அதன் பக்குவத்தை அறிவர். காயின் ஓசை இறுகி ஒலிக்கும். கனிந்ததன் ஓசை தாழ்ந்து ஒலிக்கும். உள்ளே இருப்பதை அறுத்துப் பாராமலே அறியும் இவ்வறிவு மருத்துவ நூலிலும் உண்டு. நியுமோனியா என்னும் நுரையீரல் அழற்சியில் ஒலியும் அதிர்வும் எவ்வாறு பயன்படுகின்றன, எங்கே பயன்படாமற் போகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது வெறும் ஏட்டறிவன்று. செம்மேட்டினின்று காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நோயாளியை இறக்கவேண்டிய மலையில், எதனை வீட்டில் செய்யலாம், எதற்குக் காத்திராமற் புறப்படவேண்டும் என்பது உயிரைப் பற்றிய வினாவன்றோ?

ஒலி நோயை உரைத்தல்

ஆஸ்திரியா நாட்டிற் கிராட்சு நகரத்து விடுதிக்காரர் ஒருவரின் மகனாகிய லியோபோல்டு ஆவென்புருகர் என்னும் வைத்தியர், மார்பைத் தட்டி ஓசை கேட்டு நோயறியும் முறையை 1761இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பீப்பாயைத் தட்டினால் அதில் எவ்வளவு மது உண்டென்று தெரியுமாப்போலே, நெஞ்சைத் தட்டினால் காற்றுள்ள இடமும் நீர் கோத்த இடமும் வேறுபட ஒலிக்கும் என்பது அவர் கண்ட உண்மை. பின்னர் 1816இல் பாரிசு நகரத்து லாயனெக் என்பார் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். இன்று மருத்துவர் கழுத்திலே தொங்கும் இதயத்துடிப்புமானி அத்தாட்சுருளின் வழித்தோன்றலே.

நலமான நுரையீரல் காற்று நிறைந்த பஞ்சு போன்றது. ஒலியை மெல்லியதாக்கியே வெளிவிடும். நியுமோனியாவில் காற்றறைகளில் நீரும் வெள்ளணுக்களும் நிறைந்து அப்பகுதி கெட்டிப்படுகின்றது. கெட்டிப்பட்ட பொருளின் வழியே ஒலி நன்கு செல்லும். ஆதலின் நோயாளியை ‘ஒன்று, ஒன்று’ எனச் சொல்லச் சொல்லி முதுகில் உள்ளங்கையை வைத்தால், நோயுற்ற பக்கத்தில் அதிர்வு மிகுந்து தோன்றும்; தட்டினாலோ ஓசை மழுங்கிக் கேட்கும். ஆனால் வைரசு என்னும் நுண்கிருமியால் வரும் நியுமோனியா பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் திரளாது, இரு நுரையீரலிலும் பரந்து, காற்றறைகளின் சுவரைப் பற்றும். அப்பொழுது தட்டொலி இயல்பாக இருந்தும் நோயாளிக்கு மூச்சுத் திணறலாம். ‘நெஞ்சிற் சத்தமில்லை, ஆகவே நோயில்லை’ எனக் கருதுவது பெரும்பிழை.

கொல்லிமலை கண்ட கொள்ளை நோய்

வைரசால் விளையும் நியுமோனியா இம்மலைக்குப் புதிதன்று. 1918-19ஆம் ஆண்டுகளில் உலகைச் சூறையாடிய இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கொல்லிமலையிலும் ஏறிற்று. அக்காலத்து அங்கே வாழ்ந்து பணிபுரிந்த ஜெசி பிராண்டும் அவர்தம் துணைவியார் எவிலினும் பெருங்கலத்திற் கஞ்சி காய்ச்சி நோயுற்ற மலைமக்களுக்கு ஊட்டினர். பிராண வாயுக் கலமோ, கிருமிகொல்லி மருந்தோ அன்று அங்கில்லை. நீரும் உணவும் அண்டையில் ஒருவர் இருத்தலுமே கைக்கெட்டிய சிகிச்சை. 1914இல் இம்மலையிற் பிறந்த அவர்களுடைய மகன் பால் பிராண்டு பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் அறுவை மருத்துவராய்ப் புகழ்பெற்றார். கத்தி செய்த வேலையைப் பயிற்சியே நிறைவு செய்யும் என்பது அவர் பணி காட்டிய பாடம். இயன்முறை மருத்துவத்தின் உயிர்நிலையும் அதுவே.

அதிர்வு சளியைப் பெயர்த்தல்

நம் மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் நுண்மயிர்கள் உண்டு. அவை நொடிக்குப் பத்து முதல் இருபது முறை வரை அசைந்து, தூசும் கிருமியும் ஒட்டிய சளியை மேனோக்கித் தள்ளுகின்றன. சளி தடித்துத் தேங்கினால் இவ்வசைவு போதாது. அங்கே இயன்முறை மருத்துவர் புறத்திலிருந்து துணை செய்கிறார். நீர் மொள்ளுவதுபோற் குழித்த கையால் நெஞ்சின் பக்கங்களிலும் முதுகிலும் தாளமாகத் தட்டுதல் ஒன்று. நோயாளி மூச்சை விடும்பொழுது கையை அழுத்தி நடுங்கச் செய்தல் மற்றொன்று. இவற்றைக் கருவியாற் செய்வதற்கு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1980களில் ஓர் அதிரும் அங்கி இயற்றப்பட்டது. அது காற்றால் விம்மியும் தளர்ந்தும் நொடிக்கு ஐந்து முதல் இருபது முறை நெஞ்சை அசைக்கும். பிறவியிலேயே சளி தடித்திருக்கும் ஒருவகை நோயினர்க்கே அது முதற்கண் பயன்பட்டது.

இங்கே ஒரு தடையை எழுப்பவேண்டும். சளி மிகுந்த நோய்க்கு ஏற்றது, சளியில்லா நோய்க்கும் ஏற்குமோ? வைரசு நியுமோனியாவில் பெரும்பாலும் இருமல் வறண்டிருக்கும். பெயர்க்கத்தக்க சளி குறைவு. 2020இல் கோவிட் பரவியபொழுது பன்னாட்டு இயன்முறை வல்லுநர் வகுத்த நெறியும் இதுவே: சளி மிகுந்து, தானே உமிழமாட்டாத நோயாளிக்கு மட்டும் இம்முறைகளைக் கையாளுக, வறண்ட இருமலுடையார்க்கு வேண்டா, இருமலைத் தூண்டுவதால் நோய்த்துளிகள் பரவுதலையும் எண்ணுக. வளர்ந்தோரின் நியுமோனியா பற்றிய ஆய்வுகளைக் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் கழகம் 2010இலும் 2022இலும் தொகுத்து நோக்கிற்று. தட்டுதலும் அதிர்த்தலும் இறப்பைக் குறைத்தன என்பதற்குத் தெளிவான சான்று கிட்டவில்லை. வைரசால் சிறு மூச்சுக்குழாய் அழற்சியுற்ற குழந்தைகட்கும் இவற்றால் நோய் தணியவில்லை. ஆகவே மூச்சிரைக்கும் பச்சிளங்குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே பொழுதைக் கழித்தல் நன்மையன்று.

வாயை மூடி ‘ம்’ என முரலுவதும் இக்காலத்துப் பலரும் பேசும் ஒரு முறை. 2002இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர், முரலும்பொழுது மூக்கினின்று வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு அமைதியான மூச்சினும் பதினைந்து மடங்கு மிகுவதைக் கண்டனர். இது மூக்கறைகளின் காற்றோட்டத்தைக் காட்டும் உண்மை. நியுமோனியாவைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றன்று. நீண்டு மூச்சுவிடும் பயிற்சியாக, நோய் தணிந்த பின் முரலுதலில் தீங்கில்லை.

நீர்க்குமிழி கற்பித்த பாடம்

ஒலியும் அதிர்வும் அழுத்தமும் ஒருங்கே அமைந்த எளிய கருவியொன்று உண்டு. குழந்தையின் மூக்கில் பிராண வாயுவைச் செலுத்தி, அது விடும் மூச்சுக் குழாயின் நுனியை நீர்ப்புட்டியில் அமிழ்த்தினால், நீரின் ஆழம் மூச்சுக்கு ஓர் எதிரழுத்தம் தரும், காற்றறைகள் சுருங்கிப்போகா. குமிழிகள் எழுந்து உடையுந்தோறும் நுண்ணதிர்வும் உண்டாகும். ஆயினும் முதன்மையான பயன் அழுத்தமே. வங்காளதேசத்து டாக்கா மருத்துவமனையொன்றில் மருத்துவர் சிஷ்டி குழுவினர் இதனைச் சோதித்து 2015இல் வெளியிட்டனர். கடும் நியுமோனியாவுற்ற குழந்தைகளில், தாழ்ந்த ஓட்டத்தில் பிராண வாயு மட்டும் பெற்றவருள் 100க்கு 15 பேர் இறந்தனர். குமிழிமுறை பெற்றவருள் 100க்கு 4 பேரே இறந்தனர்.

ஆனால் 2019இல் வெளியான மலாவி நாட்டு ஆய்வில், மருத்துவர் இடைவிடாது உடனிராத பொது மருத்துவமனையில் இம்முறை இறப்பைக் குறைக்கவில்லை. இறந்தோர் தொகை மிகுந்ததென்றே கண்டனர். கருவி ஒன்றே, கவனிக்கும் கண் வேறு. மலைநாட்டினர் இவ்விரண்டு ஆய்வையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

மலையில் செய்யத்தக்கன

முதலாவது, மூச்சை எண்ணுதல். குழந்தை அழாதிருக்கும்பொழுது ஒரு முழு நிமிடம் வயிறு எழுந்து தாழ்வதை எண்ணுக. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60உம், இரண்டு மாதமுதல் ஓராண்டுக்குள் 50உம், ஓராண்டுமுதல் ஐந்தாண்டுக்குள் 40உம் அதற்கு மேலும் இருப்பின் விரைந்த மூச்சு எனக் கொண்டு மருத்துவரை நாடுக. விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிதல், பாலுண்ணாமை, உதடு நீலித்தல், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று காணினும் பொழுது விடியட்டும் என்று இராது, 108 வண்டியை அழைத்துப் புறப்படுக. வளர்ந்தோர்க்கு நிமிடத்துக்கு 30 மூச்சு ஆபத்தின் அறிகுறி.

இரண்டாவது, விரலில் மாட்டும் பிராண வாயு அளவி கிடைக்குமாயின் அதனை நோக்குக. 94க்குக் கீழ் இறங்கினால் மருத்துவரிடம் சேர்க்க. 90க்குக் கீழாயின் ஒரு கணமும் தாழ்த்தற்க.

மூன்றாவது, உடல் நிலை. வளர்ந்த நோயாளி மல்லாந்தே கிடவாமல் சாய்ந்து உட்காருதலும், மருத்துவர் சொற்படி குப்புறப் படுத்தலும் பயன் தரும். 2021இல் ஆறு நாடுகளிற் செய்த ஆய்வு, விழித்திருக்கும் கோவிட் நோயாளர் குப்புறப் படுத்ததால் மூச்சுக்குழல் இடும் தேவை குறைந்ததெனக் காட்டிற்று.

நான்காவது, தட்டுதலும் அதிர்த்தலும். சளி மிகுந்தவர்க்கு, பயின்றவர் காட்டிய பின்னரே செய்க. முதுகெலும்பின்மீதும் விலாவுக்குக் கீழும் தட்டலாகாது. உண்டவுடன் செய்யலாகாது. இரத்தம் உமிழ்வோர்க்கும் எலும்பு நொய்ந்த முதியோர்க்கும் அறவே ஆகாது.

ஆவென்புருகரின் கையும் பலாவைத் தட்டும் கையும் ஒன்றையே செய்தன: தட்டிவிட்டு விடைக்குக் காது கொடுத்தன. இம்மலை நோக்கி விடுமுறைக்குச் செல்லும் மாணவர்களே, மருந்துப் பையில்லையே என வருந்தற்க. ஒரு நிமிடம் அமைதியாக உட்கார்ந்து ஒரு குழந்தையின் மூச்சை எண்ண அறிந்து, அதனை ஒரு தாய்க்கும் கற்பித்து வருவீராயின், நீவிர் கற்ற கல்வி அம்மலையில் ஓர் உயிரைக் காத்தல் கூடும்.