எங்கிருந்து வந்தது? – கேக் மிக்ஸ்

கேள்வி: கடையில் கேக் மிக்ஸ் பெட்டி வாங்கி வந்து குக்கரிலேயே கேக் செய்துவிடுகிறாள் என் பேத்தி. இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது? பெண்கள் மனத் திருப்திக்காகத்தான் முட்டை சேர்க்கச் சொன்னார்கள் என்கிறார்களே, நிஜமா? நம் இட்லி மிக்ஸ் எப்போது வந்தது?
– வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: எல்லாம் தேங்கிப்போன சரக்கில் ஆரம்பித்தது அம்மா. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பி. டஃப் அண்ட் சன்ஸ் என்றொரு மொலாசஸ் கம்பெனி. விற்காமல் நின்ற கரும்புப் பாகைக் கோதுமை மாவோடு சேர்த்து உலர்த்திப் பொடியாக்கினார் ஜான் டஃப். இஞ்சிப்பொடி, பட்டை, முட்டைப் பொடி, சோடா எல்லாம் அதிலேயே இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்கி அடுப்பில் வைத்தால் போதும். 1930-இல் காப்புரிமை கேட்டார், 1933-இல் கிடைத்தது.

முட்டைக் கதையை நம்பாதீர்கள். எர்னெஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் 1950-களில் சொன்ன யோசனை அது என்று பலரும் எழுதிவிட்டார்கள். ஆனால் புது முட்டையை வீட்டிலேயே உடைத்து ஊற்றும் முறைக்கு டஃப் 1935-லேயே இன்னொரு காப்புரிமை வாங்கிவிட்டார். உலர்ந்த பொடியைவிடப் புது முட்டையில் கேக் நன்றாக வருகிறது என்பதைப் பெண்கள் கைப்பக்குவத்திலேயே கண்டிருப்பார்கள். அதை மனப்பிரமை ஆக்கிவிட்டார்களே என்பது என் வருத்தம். உங்கள் பேத்தி வாங்கும் குக்கர் கேக் மிக்ஸ் பெரும்பாலும் முட்டையே வேண்டாத வகை. நம் நாட்டுக்கென்று செய்தது.

இனி இட்லி மிக்ஸ். நம் நாட்டில் புனேயின் கிட்ஸ் நிறுவனம் இந்த மிக்ஸ் தொழிலை 1963-இல் தொடங்கியது. பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டலின் கதை வேறு. நெருக்கடி நிலைக் காலத்தில் ஹோட்டல் பலகாரங்களின் விலையை அரசு குறைக்கச் சொன்னது. கட்டுப்படியாகாமல் ஹோட்டலை மூடியவர்கள், ஆட்களுக்கு வேலை கொடுக்க மாவு வகைகளைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள்.

கேக் மிக்ஸ், இட்லி மிக்ஸ் இரண்டுக்கும் சூட்சுமம் ஒன்றுதான். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்: 500(ii) என்றிருந்தால் ஆப்ப சோடா, 330 என்றால் சிட்ரிக் அமிலம். ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து நொடியில் காற்றைக் கிளப்பும், மாவு உப்பும். உளுந்தும் அரிசியும் அரைத்து வைத்த மாவில் நுண்ணுயிர்கள் இதையே இரவெல்லாம் செய்கின்றன. கூடவே புளிப்பையும் மணத்தையும் சேர்க்கின்றன. அது பாக்கெட்டில் வராது.

உங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த புளித்த மாவை மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுகிறார்கள். சுக்கின் காரமும் மாவின் புளிப்பும் சேர்ந்துதான் அந்த ருசி. முகூர்த்த மாதங்களில் பட்டுத் தறியை விட்டு எழ நேரமில்லாத நெசவாளர் வீட்டில் மிக்ஸ் இருப்பது நல்லதுதான், தாராளமாக வாங்குங்கள். கோயில் இட்லி செய்ய ஆசைப்பட்டால் மட்டும் முதல் நாளே உளுந்தை ஊறப்போட்டுவிடுங்கள்.