வலியோடு ஜெபிக்கிறவளுக்கு

கொடைரோடு

அன்பு மருமகளுக்கு,

முதுகில் ஆபரேஷன் முடிந்தும் உன்னால் புரண்டு படுக்க முடியவில்லை என்று அண்ணன், உன் அப்பா, சொன்னான். உன் கடிதமும் வந்தது. சபையில் யாராவது போன் செய்து "எங்களுக்காக ஜெபம் பண்ணிக்கோம்மா" என்றால் எரிச்சல் வருகிறது, அப்புறம் அந்த எரிச்சலை நினைத்து அழுகை வருகிறது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

எரிச்சல் வருவதில் ஒன்றும் தப்பில்லை, கண்ணு. வலிக்கிற உடம்பு தன்னைத்தான் முதலில் பார்க்கும். நர்ஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் அதைத்தானே பார்த்தேன்! ஆகவே முதலில் உனக்காகவே கேள். "ஆண்டவரே, தாங்க முடியவில்லை" என்பதும் முழு ஜெபம்தான். அதைச் சொல்லி முடித்த பிறகு, அதே மூச்சில், இன்னொருவர் பேரையும் சேர்த்துக்கொள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே.

பிள்ளைகளை வளர்த்த டோனாவூர் அம்மாவை உனக்குத் தெரியும். ஏமி கார்மைக்கேல். 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில், மருந்தகம் வைப்பதற்காக எடுத்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், சாயங்கால இருட்டில் குழிக்குள் விழுந்து கால் ஒடிந்தது. அப்போது வயது 63. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த ஒரே அறையில்தான் வாழ்க்கை. குழியில் விழுந்த அன்று காலைதான், பிள்ளைகளுக்கு உதவ என்னைத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்திருந்தாராம். அதைப் பிடித்துக்கொண்டு, கடவுளே குழிக்குள் தள்ளினார் என்று விளக்கம் சொல்கிற பிரசங்கிகள் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடிப்பதில்லை. எனக்குப் பிடித்தது வேறு. சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு என்று எழுதி அனுப்பிய ஆறுதல் எதுவும் தன் படுக்கைவரை எட்டவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிகளுக்கு எழுதுவதாக ஒரு புத்தகத்தையே எழுதி 1933-இல் வெளியிட்டார். வலி தெரிந்தவளுக்குத்தான் இன்னொரு படுக்கைக்கு என்ன வேண்டும் என்று தெரியும். போன மாதம் வரை நீ "நோயாளிகளுக்குச் சுகம் தாரும்" என்று பொதுவாகச் சொல்லியிருப்பாய். இப்போது "ராத்திரி இரண்டு மணிக்குமேல் கொஞ்சம் தூங்கட்டும்", "மலச்சிக்கல் இல்லாமல் இருக்கட்டும்" என்று கேட்பாய். சிரிக்காதே, நான் கேட்ட ஜெபங்களிலேயே இந்த மாதிரியானவைதான் உருப்படியானவை.

நீளமாக ஜெபிக்க வேண்டாம். இங்கே எங்கள் பக்கத்து நாலுவழிச் சாலையில் 108 ஆம்புலன்ஸ் வண்டி மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சத்தம் போட்டுக்கொண்டு போகும். திண்டுக்கல் பக்கமிருந்து வரும்போது கேட்க ஆரம்பித்து, டோல்கேட் தாண்டும்போது தேய்ந்துபோகும். அந்த நேரம் ஒரு ஜெபத்துக்குப் போதும். உள்ளே இருக்கிறவருக்கு, கூடப் போகிறவருக்கு, ஓட்டுகிற பையனுக்கு. உன் அடுக்குமாடியிலும் ஏதாவது சத்தம் கேட்காமலா இருக்கும்? குழந்தை அழும், லிப்ட் நிற்கும். அதைப் பிடித்துக்கொள்.

ஆனால் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் அடுத்த வீட்டு விவகாரம் முழுவதையும் கொட்டுகிறவர்கள் போன் செய்தால், பேரை மட்டும் வாங்கிக்கொண்டு, முதுகு வலிக்கிறது என்று வைத்துவிடு. அந்த வலிக்கு அப்படியும் ஓர் உபயோகம் இருக்கட்டும்.

இன்னொன்று. யோபு சிநேகிதருக்காக ஜெபித்தபோது அவன் சிறையிருப்பு மாறியது என்று 42-ஆம் அதிகாரத்தைக் காட்டி, "நீ மற்றவர்களுக்காக ஜெபி, உனக்குச் சுகம் வரும்" என்று யாராவது சொல்வார்கள். கொடுக்கல் வாங்கலாக அதை எடுத்துக்கொள்ளாதே. அந்த எலிப்பாசும் கூட்டாளிகளும் யார் என்று பார். புண்ணோடு கிடந்தவனை "நீ பாவம் செய்திருப்பாய்" என்று குத்தினவர்கள். அவர்களுக்காகக் கேட்க வாய் வந்ததே, அதுதான் அங்கே பெரிய விஷயம். உன்னைப் புண்படுத்தும்படி பேசிவிட்டுப் போனவர்களும் இருப்பார்கள். இன்றைக்கே வேண்டாம், ஒருநாள் அவர்கள் பேரையும் சொல்லு.

பிலிப்பியர் நிருபத்தில் எப்பாப்பிரோதீத்து வருகிறானே, அவனை யாரும் பிரசங்கத்தில் கண்டுகொள்வதில்லை. மரணம்வரை வியாதியாய்க் கிடந்தவன். அவன் வருத்தமெல்லாம், தான் வியாதிப்பட்ட செய்தி ஊரிலிருப்பவர்களுக்குத் தெரிந்துவிட்டதே, அவர்கள் கலங்குவார்களே என்பதுதான். அவன் அப்போது நீட்டி முழக்கி ஜெபித்தான் என்று எங்கும் எழுதவில்லை. மனசு அவர்கள் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். உன்னாலும் அது முடியும்.

அண்ணியிடம் சொல்லி, படுத்தபடியே எழுத ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள். அதில் பேர் மட்டும் எழுது. ஜெபித்தால் மட்டும் தீராத காரியம் ஏதாவது அதில் இருந்தால், பீஸ் கட்ட முடியாதவர், மாத்திரை வாங்க ஆளில்லாதவர் என்று, உன் அப்பாவிடம் சொல். அவன் ஓடட்டும். கால் நன்றாகத்தானே இருக்கிறது அவனுக்கு.

முதல் பேராக என்னை எழுதிக்கொள். வருகிற வியாழன் எனக்கு இடது கண்ணில் புரை எடுக்கிறார்கள், மதுரையில். சர்க்கரை இறங்கினால்தான் செய்வார்களாம். இந்த வாரம் பன்னீர் திராட்சைப் பக்கம் என் கை போகாமல் இருக்கக் கேள். மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அன்புடன்,
அத்தை