போட்டியாளன் பகைவன் அல்ல



நாம் தென்பெண்ணைக் கரையில் வாழ்பவர்கள். சாத்தனூர் அணை நிரம்பினாலே பார்த்துப் பிரமிக்கிறவர்கள். ஆனால் கரையே தெரியாத சமுத்திரத்தில், தன்னந்தனி ஆளாக, சிறு பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவரும் பந்தயம் ஒன்று உண்டு. அதற்குக் கோல்டன் குளோப் பந்தயம் என்று பெயர். அதில் நடந்தவை நம் குடும்பங்களுக்கும் பாடமாகும்.

இப்பந்தயம் முதன்முதல் 1968-ல் தொடங்கிற்று. புறப்பட்ட 9 பேரில் முடித்தவர் ஒருவரே. அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். அவருடைய படகு நமது பம்பாயில் கட்டப்பட்டது. பந்தயத்தில் உயிரிழந்த போட்டியாளர் ஒருவரின் குடும்பத்துக்கு, தாம் பெற்ற 5,000 பவுன் பரிசையும் அவர் கொடுத்துவிட்டார்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2018-ல் இப்பந்தயம் மீண்டும் நடைபெற்றது. 1968-ல் இருந்த வகைக் கருவிகளையே உபயோகிக்க வேண்டும் என்பது விதி. சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்தே வழி அறிய வேண்டும். வழியில் எத்துறைமுகத்திலும் நிற்கலாகாது.

நம் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதில் மூன்றாவதாகச் சென்றுகொண்டிருந்தார். 2018 செப்டம்பர் 21-ல் தென் இந்துமகா சமுத்திரத்தில் பெரும்புயல் தாக்கிற்று. பாய்மரங்கள் முறிந்தன. முதுகெலும்பு அடிபட்டு, எழுந்து நிற்கவும் இயலாமல் படுக்கையில் கிடந்தார். அவருக்கு அருகில் இருந்தவர் யார்? அவரோடு போட்டியிட்ட அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கின். அதே புயலில் அவர் பாய்மரங்களும் முறிந்திருந்தன. ஆயினும் கிடைத்ததைக் கொண்டு தற்காலிகப் பாய் கட்டி, அபிலாஷை நோக்கியே புறப்பட்டார். செப்டம்பர் 24-ல் ஓசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் முந்தி வந்து அபிலாஷை மீட்டது. பின்பு மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது.

முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்து, நடக்கப் பழகிய அபிலாஷ், 2022 செப்டம்பர் 4-ல் அதே பந்தயத்துக்கு மறுபடியும் புறப்பட்டார்! காற்றின் விசையால் படகைத் தானே செலுத்தும் கருவி வழியில் உடைந்தபோது, படகின் கழிப்பறைக் கதவை அறுத்து அதைச் செப்பனிட்டார்.

இப்பந்தயத்திலும் ஒரு விசேஷம் நடந்தது. நவம்பர் 18-ல் பின்லாந்து நாட்டு டாபியோ லெஹ்டினென் என்பவரின் படகு சில நிமிடங்களில் மூழ்கிப்போயிற்று. அவர் உயிர்காக்கும் மிதவையில் சுமார் ஒரு நாள் தத்தளித்தார். தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நொய்ஷாஃபர் தம் வழியை விட்டுத் திரும்பி, இரவெல்லாம் சுக்கான் பிடித்துச் சென்று அவரைக் காப்பாற்றி, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார். பந்தயத்தார் அவருக்கு 35 மணி நேரத்தைத் திருப்பி வழங்கினார்கள். 2023 ஏப்ரல் 27-ல் அவரே முதலாவதாக வந்தார். இரண்டு நாள் கழித்து, 29-ல் அபிலாஷ் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். புறப்பட்ட 16 பேரில் எங்கும் நிற்காமல் முடித்தவர்கள் 3 பேரே.

இதில் நாம் கற்க வேண்டியது யாது?

முதலாவது, தடை வேறு, போட்டியாளர் வேறு. புயலும் முறிந்த பாய்மரமுமே தடைகள். போட்டியாளனோ அதே புயலில் அகப்பட்ட மனிதன். நாம் விழும்போது நமக்கு மிக அருகில் இருக்கிறவனும் அவனே.

இரண்டாவது, உதவியதால் பந்தயம் கெட்டுவிடவில்லை. உதவி முடிந்ததும் அந்த அம்மாள் முழு வேகத்தோடு போட்டியிட்டார். போட்டியும் அன்பும் ஒரே படகில் இருக்கக்கூடும்.

மூன்றாவது, இல்லாததை எண்ணிப் புலம்பாமல், கையில் இருக்கும் கதவையே கருவியாக்க வேண்டும்.

கரும்பு வெட்டுக் காலம் வந்தால் நம்மிடையே நடப்பதென்ன? வெட்டு உத்தரவு யாருக்கு முந்தி வந்தது, யார் வண்டி முன்னே போயிற்று என்று அண்ணன் தம்பிகளே பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். மழை பொய்ப்பதும் கடன் ஏறுவதும் இருவருக்கும் பொதுவான புயல். அப்புயலை விட்டுவிட்டுப் பக்கத்து வயல்காரனைப் பகைப்பது எவ்விதத்தில் நியாயம்? முன்னே போகும் வண்டி அச்சு முறிந்து நின்றால், ஒதுங்கி முந்திப் போவதா, இறங்கித் தோள் கொடுப்பதா? அன்றைய வரிசையில் நாம் பின்தங்கலாம். ஆனால் மறுநாள் நம் வண்டி நின்றால் தோள் கொடுக்க ஆள் இருக்கும்.

குடும்பத்தில் கலந்து பேச:

1. நம் வீட்டார் யாரோடு போட்டியின் காரணமாகப் பேசாமலிருக்கிறோம்?

2. அவர்களுக்கும் நமக்கும் பொதுவான கஷ்டம் எது?

3. இவ்வாரம் அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய ஓர் உதவி என்ன?