வேலைக்குத் திரும்பும் தாயும் வற்றாத தாய்ப்பாலும்

விடியற்காலை நான்கரை மணிக்கே தோட்டத்தில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. பெரட்டுக்குப் போக வேண்டிய தாய் அடுப்பை மூட்டுகிறாள். உளியையும் வாளியையும் எடுத்து வைக்கிறாள். தொட்டிலில் மூன்று மாதக் குழந்தை உறங்குகிறது. பேறுகால விடுமுறை நேற்றோடு முடிந்துவிட்டது. “நான் நிரைக்குப் போய்விட்டால் பிள்ளைக்குப் பால் என்ன செய்வது?” என்னும் கேள்வி அவள் நெஞ்சை அழுத்துகிறது.

இக்கேள்விக்குப் பல வீடுகளில் கிடைக்கும் விடை ஒன்றே: “வேலை நேரத்திற்கு மட்டும் டின் பால் கொடுப்போம்; வந்தபின் தாய்ப்பால் கொடுக்கலாம்.” கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் நடப்பது என்ன? முதல் வாரம் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது. இரண்டாம் வாரம் வலி இல்லை. மூன்றாம் வாரம், மாலையில் குழந்தை மார்பில் வாய் வைத்தும் நிறைவடையாமல் அழுகிறது. “பால் வற்றிவிட்டது” என்று வீட்டார் முடிவு செய்கின்றனர். ஒரு டின் இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது. கூலியில் ஒரு பகுதி கடைக்குப் போய்ச் சேருகிறது.

அத்தாய்க்குப் பால் தானாக வற்றிவிடவில்லை. பால் வேண்டாம் என்று அவள் உடலுக்கு நாள்தோறும் தெரிவிக்கப்பட்டது; உடல் அதற்குக் கீழ்ப்படிந்தது. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், முழு நேர வேலையில் இருந்துகொண்டே பாலைக் காத்துக்கொள்ள இயலும். அவ்வழியை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ரப்பர் மரமும் தாயின் மார்பும்

நாம் மரத்தை நன்கு அறிந்தவர்கள். மரத்தை நாள் தவறாமல் சீவினால் அது களைத்துப் போகும். பட்டை கெட்டுப் பால் விடாமல் நின்றுவிடும். ஆகவேதான் ஒருநாள் விட்டு ஒருநாளோ, அதற்கும் அதிகமான இடைவெளி விட்டோ சீவுகிறோம். மரத்திற்கு ஓய்வு கொடுத்தால் பால் பெருகும்.

தாயின் மார்பு இதற்கு நேர் எதிரான முறையில் இயங்குகிறது. எடுக்க எடுக்க அது சுரக்கும். ஓய்வு கொடுத்தால் குறையும். குழந்தை உறிஞ்சும்போது தாயின் மூளையில் உள்ள ஒரு சுரப்பி ‘புரோலாக்டின்’, ‘ஆக்சிடோசின்’ என்னும் இரண்டு நீர்களை இரத்தத்தில் விடுகிறது. முன்னது பாலை உண்டாக்குகிறது. பின்னது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. மார்பில் பால் எடுக்கப்படாமல் தேங்கி நின்றாலோ, தேங்கிய பாலே மேற்கொண்டு சுரப்பதைத் தடுக்கிறது. மார்பு நிறைந்து கல்லாக இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் சுரப்பு மந்தமாகிறது.

இதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. குழந்தை அருகில் இல்லாத நேரத்திலும், குழந்தை குடிக்கும் வேளை தவறாமல் பாலை எடுத்துவிட வேண்டும். மற்ற யோசனைகள் யாவும் இவ்விதியைச் செயற்படுத்தும் வழிகளே.

முன்னோர் காலத்துப் பாடம்

இது புதிய கவலையன்று. 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ரோட்டரி சங்கத்தார் முன்னிலையில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரை நிகழ்த்தினார். இனிப்பூட்டிய கட்டிப்பாலைக் குழந்தை உணவு என்று நம்பிக் கொடுத்ததால் பச்சிளங்குழந்தைகள் மாண்டதை அவர் வன்மையாகக் கண்டித்தார். மலேசியாவில் குழந்தைப்பால் விற்பனைக்கான நன்னெறி விதிகள் 1979-ஆம் ஆண்டிலும், தேசியத் தாய்ப்பால் கொள்கை 1993-ஆம் ஆண்டிலும் ஏற்பட்டன. இன்றும் தேநீருக்கு ஊற்றும் கட்டிப்பால் குழந்தைக்கு உரியதன்று என்பதை நாம் மறத்தலாகாது.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை. அதன்பின் மற்ற உணவுகளோடு இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இதுவே.

விடுமுறையிலேயே ஆயத்தமாகுங்கள்

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அளித்துவந்த 60 நாள் பேறுகால விடுமுறை, 2023 ஜனவரி முதல் நாள் தொடக்கம் 98 நாட்களாக உயர்ந்துள்ளது. பிரசவத்திற்கு 30 நாட்களுக்கு முன்பே இவ்விடுமுறையைத் தொடங்கலாம். ஆயினும் உடல்நிலை இடங்கொடுத்தால், பிரசவத்தை ஒட்டித் தொடங்குவதே நலம். அப்போதுதான் குழந்தையோடு கழிக்கும் நாட்கள் மிகுதியாகும்.

அதே திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றித் தருமாறு தொழிலாளர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் அளிக்க வேண்டும். மறுத்தால் காரணம் கூற வேண்டும். பதில் வர 60 நாட்கள் வரை ஆகக்கூடும் என்பதால், விடுமுறையின் முதல் மாதத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். வீட்டிற்கோ, ஆயாக் கொட்டகைக்கோ அருகிலுள்ள நிரையைக் கேட்பதில் தவறேதும் இல்லை.

பால் எடுப்பதற்கென்று தனி இடைவேளை அச்சட்டத்தில் குறிப்பிடப்படவில்லை. ஆனால் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் குறைந்தது 30 நிமிட ஓய்வு வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த அரை மணி நேரமே நமக்குப் போதுமானது.

வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரங்கள் இருக்கும்போதே கையால் பால் எடுத்துப் பழக வேண்டும். முதல் நாட்களில் சில சொட்டுகளே வரும், மனந்தளர வேண்டாம். கை பழகப் பழகப் பால் வரும்.

கையால் பால் எடுக்கும் முறை

முதலில் கைகளைச் சோப்பிட்டு நன்றாகக் கழுவ வேண்டும். அமைதியான இடத்தில் அமர்ந்து, மார்பை மெதுவாகத் தடவி விட வேண்டும். பின்னர்க் கட்டைவிரலை மேலும், மற்ற விரல்களைக் கீழுமாக, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துக; அடுத்து விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து அமுக்குக; பிறகு தளர்த்துக. இவ்வாறே விட்டு விட்டுச் செய்தல் வேண்டும். காம்பைப் பிடித்து இழுப்பதும், தோலின்மீது விரல்களைத் தேய்ப்பதும் கூடாது. ஒரு பக்கம் ஒழுக்குக் குறைந்தவுடன் மறுபக்கம் மாற்றி, விரல்களை வைக்கும் இடத்தையும் சுற்றி மாற்றிக்கொள்ள வேண்டும். இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகலாம். வலி எடுத்தால் முறை தவறு என்று பொருள். பம்ப் வைத்திருப்பவர்கள் அதனைப் பயன்படுத்தலாம். இல்லாதவர்களுக்குக் கையே போதும்.

ஒரு வேலை நாளின் திட்டம்

பால் மரம் சீவும் வேலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. சீவி முடித்த பிறகு மங்குகள் நிறையும்வரை சற்றுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தை நாம் பயன்படுத்திக் கொள்ளலாம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்படுமுன் குழந்தையை எழுப்பி, இரண்டு மார்பிலும் வயிறாரக் கொடுத்துவிடுக. காலை எட்டரை அல்லது ஒன்பது மணியளவில் ஒருமுறை பால் எடுத்திடுக. பால் சேர்த்து நிறுவைக்குக் கொண்டு போகும் வேளையில், ஏறத்தாழப் பன்னிரண்டு மணிக்கு மற்றொருமுறை எடுத்திடுக. வீடு சேர்ந்து உடல் கழுவியதும் முதல் வேலையாகக் குழந்தைக்கு மார்பு கொடுத்திடுக. பிற்பகல், மாலை, இரவு என்று குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுத்திடுக. இரவில் கொடுப்பதை நிறுத்தவே கூடாது. புரோலாக்டின் இரவில்தான் மிகுதியாகச் சுரக்கின்றது. ஓய்வு நாளில் குழந்தையைப் பிரியாமல் இருந்து அடிக்கடி கொடுத்தால், வார நாட்களில் குறைந்த பால் மீண்டும் ஏறும்.

காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். ஒரு புட்டி கொதித்தாறிய நீரும், ஒரு சிறு சோப்பும், சுத்தமான துணியும் பையில் இருக்கட்டும். ரப்பர்ப்பாலும் அமோனியாவும் பட்ட கையோடு மார்பைத் தொடுதல் கூடாது. களைக்கொல்லி மருந்து அடிக்கும் வேலை அளிக்கப்பட்டால், பாலூட்டும் காலத்தில் வேறு வேலை தருமாறு தண்டலிடம் கேட்க வேண்டும். உடையை மாற்றிக் குளித்த பிறகே குழந்தையைத் தூக்குதல் நன்று.

எடுத்த பாலை வைக்க இடமில்லாத நாளிலும், எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அன்று பாலைக் கொட்ட நேர்ந்தாலும் அது வீண் அன்று. “நாளைக்கும் வேண்டும்” என்று உடலுக்குச் சொல்லியாயிற்று. அன்றைய பால் போனாலும் சுரப்பு நிலைத்துவிடும்.

பாலைப் பத்திரப்படுத்துதல்

வெந்நீரில் கொதிக்க வைத்த, மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பிடிக்க வேண்டும். இருபத்தைந்து பாகை வெப்பமுள்ள அறையில் நான்கு மணி நேரம் வரை தாய்ப்பால் கெடாது. நம் நாட்டு நண்பகல் வெப்பம் அதைவிட மிகுதி. ஆகவே நான்கு மணி நேரத்தை நம்பியிராமல் உடனே குளிர்விப்பது நன்று. பனிக்கட்டிப் பைகள் வைத்த சிறு பெட்டியில் ஒரு நாள் வரையிலும், குளிர்சாதனப் பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாட்கள் வரையிலும் வைக்கலாம். எடுத்த தேதியை எழுதி ஒட்டி, பழையதை முதலில் பயன்படுத்துக.

கொடுக்கும்போது பால் பாத்திரத்தை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் போதும். அடுப்பில் நேரே காய்ச்சக் கூடாது. நிற்க வைத்தால் மேலே ஆடை திரள்வது இயல்பு. அது கெட்டதற்கு அடையாளமன்று, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்தல் ஆகாது.

தாய் பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ 30 முதல் 45 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், ஏழு மணி நேரத்திற்கு 210 முதல் 315 மில்லிலிட்டர் வரை தேவைப்படும். இதனைச் சிறு சிறு அளவுகளாகப் பிரித்து வைத்தால் வீணாகாது. பாட்டியோ ஆயாவோ, நம் முன்னோர் பயன்படுத்திய பாலாடையையோ சிறு கிண்ணத்தையோ நீரில் கொதிக்க வைத்து அதில் புகட்டலாம். புட்டியின் எளிதான ஒழுக்கிற்குப் பழகிய சில குழந்தைகள் மார்பை மறுப்பதுண்டு. கிண்ணத்தில் அந்த இடர் குறைவு.

தவறான எண்ணங்கள் சில

“வெயிலில் வேலை செய்தவளின் பால் சூட்டுப் பால், குழந்தைக்கு ஆகாது” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்கள் குழந்தைமீது கொண்ட அன்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அது உண்மையன்று. மார்பிலுள்ள பால் உழைப்பினால் கெடுவதில்லை. வீட்டிற்கு வந்ததும் முதற்பாலைப் பீய்ச்சிக் கொட்டவும் வேண்டியதில்லை.

“மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, பால் இல்லை” என்பது மற்றொன்று. சில வாரங்களில் சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஒத்துப் போவதால், மார்பு மெத்தென்று ஆவது இயல்பே. கையால் எடுக்கும் அளவும் சரியான அளவுகோல் அன்று. குழந்தை அதனினும் திறமையாக உறிஞ்சும். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் குழந்தைக்குப் பால் போதுகின்றது என்று அறிக. இவ்விரண்டும் குறைந்தால் காலந்தாழ்த்தாமல் மருந்தகத்திற்குச் செல்க.

“கள் குடித்தால் பால் ஊறும்” என்பதும் தவறு. மது, பால் இறங்குவதைத் தடுக்கின்றது. வழக்கமான சோறு, மீன், பருப்பு, முருங்கைக்கீரை ஆகியவற்றைச் சற்றுக் கூடுதலாக உண்டு, தாகத்திற்கு நீர் பருகினால் போதும்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பெறும்போது, “பாலூட்டுகிறேன்” என்று தாதியிடம் கூறத் தவறாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் பாலைக் குறைக்கக் கூடும். பாலைக் குறைக்காத வேறு முறைகள் உண்டு. மார்பு சிவந்து, வலியோடு காய்ச்சலும் கண்டால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

குடும்பத்தாரின் பங்கு

தாய் ஒருத்தியால் மட்டும் இக்காரியம் ஆகாது. அவள் மார்பு கொடுக்கும் நேரத்தில் சோறு வடிக்கவும், துணி துவைக்கவும், பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் கணவர் முன்வர வேண்டும். கவலையும் களைப்பும் பால் இறங்குவதைத் தடுக்கும். அன்பான ஒரு சொல் அதனை எளிதாக்கும். கங்காணியும் தண்டலும், ஒரு தாய் அரை மணி நேரம் ஒதுங்கினால் அதனைச் சோம்பல் என்று எண்ணலாகாது.

எவ்வளவு முயன்றும் போதிய பால் இல்லாத தாயும், நோயின் காரணமாகக் கொடுக்க இயலாத தாயும் உண்டு. அவர்களைப் பழித்தல் தகாது. தாதியின் அறிவுரைப்படி, சரியான அளவில், சுத்தமான நீரில் கலந்த குழந்தைப்பாலை அவர்கள் கொடுக்கட்டும். செலவுக்கு அஞ்சிப் பாலை நீர்த்துக் கலக்குவது பெருந்தீங்கு.

நாளை விடியற்காலை பெரட்டுக்குச் செல்லும் தாயின் பையில் உளியோடு ஒரு புட்டி நீரும், ஒரு சோப்பும், மூடியுள்ள ஒரு சிறு பாத்திரமும் இருக்கட்டும். அவள் நாட்டிற்காக மரத்தில் பால் எடுக்கிறாள். தன் குழந்தைக்காகவும் அரை மணி நேரம் எடுத்துக்கொள்ள அவளுக்கு உரிமை உண்டு. அதற்கு இடமும் மனமும் அளிப்பது நம் அனைவருடைய கடமையாகும்.