கூல் டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது

ஐப்பசி மழைக்கு முன்னால் தாமல், காஞ்சிபுரம் பக்கம் நெசவாளர் வீடுகளில் தறிக்கென்று பின்பக்கம் ஓர் அறை சேர்த்துக் கட்டுகிறார்கள். போகிற இடமெல்லாம் ஒரே பேச்சு: "மேலே கூல் டைல்ஸ் ஒட்டிட்டா ஒரு சொட்டு இறங்காது சார்." எத்தனை முறை மறுத்தாலும் அடுத்த வீட்டில் அதையே சொல்கிறார்கள். சுத்தப் பொய்.

வெள்ளை டைல்ஸ் வெயிலைத் திருப்பி அனுப்பும், அறைச் சூடு குறையும். அதன் வேலை அவ்வளவுதான். மழையைத் தடுப்பது அதற்கு அடியில் போடுகிற தளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12க்கு 12 அடி அறையின்மேல் ஓரடி டைல்ஸ் பதித்தால், இடையில் வரும் இடுக்குகளின் நீளம் மட்டும் 264 அடி. பகல் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் அத்தனை அடியும் விரிசல் விடாமல் இருக்குமா? உள்ளே இறங்கிய தண்ணீர், மேலே டைல்ஸ் மூடியிருப்பதால் லேசில் காயாது. கான்கிரீட்டில் ஊறிக் கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து அடிப்பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். அந்தக் காரை விழுவது பட்டுப் பாவின்மேல். ஏற்கெனவே அடைமழையில் தெருவில் பாவு போட முடியாமல், தறிக்குழியில் ஓதம் ஏறி வேலை நின்றுபோகிறவர்களுக்கு இது வேண்டுமா?

நம் ஊருக்கு ஏற்ற அடித்தளம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான். 20 மி.மீ. ஜல்லி 32 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணல் கூடாது. இது பொதுப்பணித் துறையில் காலங்காலமாக உள்ள அளவு. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் விட்டுப் பரப்பி, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, அடிக்கிற கட்டை தானாக எகிறும்வரை தட்ட வேண்டும். இதன் எடையைக் கூரைக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு கைப்பிடிச் சுவர் ஓரமெல்லாம் அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விடுங்கள். கீழே கசிவு இல்லை என்றால் தட்டோடோ கூல் டைல்ஸோ, உங்கள் இஷ்டம்.

"சுண்ணாம்பு கம்பியை அரிக்கும்" என்பார்கள். சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அது அரிக்காது. அரிப்பது தண்ணீர். "சிமென்ட் கூடப் போட்டால் கசியாது" என்பதும் தப்பு. சிமென்ட் கூடினால் சுருக்கமும் விரிசலும் கூடும். வெயில் பட மேலே அடிக்கிற ரப்பர் பெயிண்டை நம்பினால் சில வருடத்தில் உரிந்து வரும்.

பழைய சுவரும் புதுத் தளமும் சேரும் இடத்தை வெறும் சிமென்ட் பூசி மூடிவிடாதீர்கள். புதுக் கட்டடம் தனியாக இறங்கும், பூச்சு பிளக்கும். அங்கே இடைவெளி விட்டு, நெகிழும் பசையால் அடைத்து, மேலே பழைய சுவரில் செருகிய தகடு ஒன்றை மடித்து விட வேண்டும்.

வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தளம் தட்டிய பெண்களை இன்று கட்டட வேலையில் காண்பதே அரிதாகிவிட்டது. கூலி அதிகம், நாளாகிறது என்று மேஸ்திரிகள் அவர்களைக் கூப்பிடுவதில்லை. கைநெசவுக்கு நியாயமான கூலி கேட்கிற ஊர் இந்தக் கைவேலைக்கும் அதைக் கொடுக்க வேண்டும். அடுத்த அறைக்கு ஒப்பந்தம் பேசும்போது டைல்ஸ் நிறத்தைப் பேசுவதற்கு முன், தளம் தட்ட எத்தனை ஆள், எத்தனை நாள் என்று எழுதி வாங்குங்கள்.