‘செம மச்சி’க்கு அப்பால்: வீட்டில் பதிந்த இசையும் பின்னூட்டமும்

கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரை நினைச்சாலே சில பேருக்கு ஜுரம் வரும்னு தெரியும். இருந்தாலும் அதுல வர்ற ஒரே ஒரு படத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகத்துக்குக் கொண்டு வாங்க. இடது பக்கம் ஒரு சின்ன வட்டம், அதுல ஒரு கூட்டல் குறி, ஒரு கழித்தல் குறி. அவுட்புட்டிலிருந்து ஒரு கோடு கிளம்பி, சுத்தி வந்து, அந்த வட்டத்துக்குள்ள நுழையும். தமிழில் இதுக்குப் பேர் பின்னூட்டம். இணையத்துல நாம போடுற கமெண்டுக்கும் தமிழில் அதே பேர்தான். பேர் மட்டுமில்ல, ரெண்டும் செய்ய வேண்டிய வேலையும் ஒண்ணுதான். அது எப்படின்னு இந்தக் கட்டுரையில பார்க்கலாம்.

நீங்க ஹாஸ்டல் ரூம்ல உட்கார்ந்து ஒரு லேப்டாப், ஒரு போன் மைக், ஆடாசிட்டி மாதிரி ஒரு இலவச மென்பொருள், இவ்வளவையும் வச்சு மூணு நிமிஷ இசை ஒண்ணு பண்றீங்கன்னு வச்சுக்குவோம். பாடல் வரி கிடையாது. ஃபேன் சத்தத்தை இழுத்து நீட்டி, பக்கெட்டைத் தட்டி, அதுக்கு மேல நாலு கிட்டார் ஸ்வரம். இணையத்துல ஏத்திட்டு காத்திருக்கீங்க. வர்ற பதில்: ‘செம மச்சி’, மூணு நெருப்பு எமோஜி, ‘புரியல ப்ரோ’, ‘ட்யூன் எங்க?’ அவ்வளவுதான். இப்படி மூணு தடவை நடந்தா நாலாவது டிராக்கை ஏத்தவே மனசு வராது. கைல வித்தை இருந்தும் பாதியில விட்டவங்களை உங்க பேட்ச்லயே நீங்க பார்த்திருப்பீங்க. திட்டினாலும் பரவாயில்ல, யாராவது நிஜமாவே கேட்டாங்களான்னு தெரியாம இருக்கிறதுதான் ஆளைச் சோர வைக்கும்.

இதைச் சரி பண்ண முடியும். அதுக்கு முதல்ல பின்னூட்டம்னா என்னன்னு பார்ப்போம்.

படகில் வந்த யோசனை

1927 ஆகஸ்ட். பெல் ஆய்வகத்தின் பொறியாளர் ஹெரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து நியூயார்க்குக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது தொலைதூரத் தொலைபேசிக் கம்பிகளின் பிரச்சினை. வழி நெடுக ஆம்பிளிஃபயர்கள் வேணும். ஒவ்வொரு ஆம்பிளிஃபயரும் குரலைக் கொஞ்சம் சிதைக்கும். வரிசையா பல ஆம்பிளிஃபயர் தாண்டினா சிதைவும் சேர்ந்துகிட்டே போகும். அந்தப் படகுப் பயணத்துல அவருக்கு ஒரு யோசனை வந்தது. அவுட்புட்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து இன்புட்டிலிருந்து கழிச்சா? சத்தம் குறையும், ஆனா சிதைவும் குறையும். கையிலிருந்த நாளிதழ் பக்கத்திலேயே வரைஞ்சு வச்சார். காப்புரிமை கிடைக்க 1937 வரை ஆச்சு.

இதுதான் எதிர்மறைப் பின்னூட்டம். ‘எதிர்மறை’ன்னா திட்டுறதுன்னு அர்த்தம் இல்ல, கழித்தல் குறி. வெளியே வந்தது இது, வர வேண்டியது அது, ரெண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம்னு சொல்றது.

நேர்மறைப் பின்னூட்டத்தையும் உங்களுக்குத் தெரியும். கல்ச்சுரல்ஸ் மேடையில யாராவது மைக்கை ஸ்பீக்கர் பக்கம் திருப்பினா ‘கூஊஊ’ன்னு காதைக் கிழிக்குமே, அது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ள போய், பெருகி, திரும்ப ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி பெருகி, கடைசியில சிஸ்டம் தாங்கக்கூடிய உச்சத்துல போய் முட்டி நிக்கும். அந்தக் கூச்சல்ல மேடையில என்ன பாடினாங்கன்னு யாருக்கும் கேட்காது. ‘செம மச்சி’ மேல ‘செம மச்சி’ குவியறதும் கிட்டத்தட்ட இப்படித்தான். சந்தோஷமா இருக்கும், தப்பில்ல. ஆனா அடுத்த டிராக்ல எதை மாத்தணும்னு அதுல ஒரு துளி தகவல் கிடையாது.

குறி எங்கே?

அந்த வட்டத்துக்குள்ள நுழையிற இன்னொரு கோட்டைப் பலரும் மறந்துடுவாங்க: ரெஃபரன்ஸ். ஏசியில 24 டிகிரின்னு வைக்கிறீங்களே, அந்த 24தான் ரெஃபரன்ஸ். அது இல்லாம ரூம் இப்போ 27 டிகிரின்னு மட்டும் தெரிஞ்சா, குளிராக்கணுமா சூடாக்கணுமான்னு ஏசியால முடிவெடுக்க முடியாது. குறி தெரிஞ்சாத்தான் பிழையைக் கணக்கிட முடியும்.

சினிமாப் பாட்டு மாதிரி ஒண்ணு பண்ணினா குறியைத் தனியாச் சொல்ல வேண்டியதில்ல. பல்லவி, சரணம், சுருதி, தாளம் எல்லாம் கேட்கிறவங்க மனசுல ஏற்கனவே இருக்கு. சோதனை இசைக்கு அந்த வசதி இல்ல. ஒரு உதாரணம் பாருங்க. 1968-ல் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் ‘பெண்டுலம் மியூசிக்’னு ஒண்ணு பண்ணினார். மைக்குகளை ஒயரோடு தொங்க விட்டு, ஸ்பீக்கருக்கு மேல ஊஞ்சல் மாதிரி ஆட விடணும். ஒவ்வொரு தடவை மைக் ஸ்பீக்கரைக் கடக்கும்போதும் ஒரு ‘கூ’. ஆட்டம் குறையக் குறைய கூவல்கள் நீண்டு, மைக்குகள் நின்னதும் ஒரே தொடர் ஒலியா ஆயிடும். மேடையில சவுண்ட் இன்ஜினியருக்கு எது பெரிய தப்போ, அதுவே இங்க இசை. இதைக் கேட்டுட்டு ‘மைக் கத்துது, சரி பண்ணுங்க’ன்னு பின்னூட்டம் போட்டா அது பொய் இல்ல, ஆனா பிரயோஜனமும் இல்ல.

அதனால இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விஷயம் மட்டும் மனசுல நின்னாப் போதும்னா, அது இதுதான்: குறியைச் சொல்லாம குறையைக் கேட்காதீங்க, குறியைத் தெரிஞ்சுக்காம குறையைச் சொல்லாதீங்க.

உங்க ரூமே உங்களை ஏமாத்தும்

‘அப்படின்னா என் குறி எனக்குத் தெரியும், நானே கேட்டு நானே திருத்திக்கிறேன்’னு சிலர் சொல்வாங்க. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவுல 3 மீட்டர் இருக்கிற ஒரு ரூமை எடுத்துக்குங்க. ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அரை அலைநீளம் அந்த 3 மீட்டருக்குள்ள சரியா உட்காரும் அதிர்வெண் 343 ÷ 6, அதாவது சுமார் 57 ஹெர்ட்ஸ். அதுக்கடுத்து 114, 171. இந்த அதிர்வெண்கள்ல ரூம் தானாவே ஒத்ததிரும். சுவரை ஒட்டி உட்கார்ந்து ஸ்பீக்கர்ல கேட்டா பேஸ் அதிகமாத் தெரியும். ‘ரொம்ப இருக்கே’ன்னு குறைச்சிடுவீங்க. அதே டிராக்கை வேற ரூம்ல கேட்கிறவருக்கு பேஸ் காணாமப் போயிருக்கும். போன் ஸ்பீக்கர்ல கேட்கிறவருக்கு அந்த 57 ஹெர்ட்ஸ் எட்டிக்கூடப் பார்க்காது.

ரூம் பண்ற இந்தச் சேட்டையையே இசையா மாத்தினவர் ஆல்வின் லூசியர். 1969-ல் அவர் உருவாக்கின ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ல, தான் பேசினதைப் பதிவு செஞ்சு, அதே ரூம்ல ஓட விட்டு, திரும்பப் பதிவு செஞ்சு, அதை மறுபடி ஓட விட்டு... இப்படியே போவார். சுற்றுக்குச் சுற்று வார்த்தைகள் கரைஞ்சு, கடைசியில அந்த ரூமின் ஒத்ததிர்வு ஒலிகள் மட்டும் மிஞ்சும். ஒரே ரூம்ல, ஒரே காதுல, திரும்பத் திரும்ப உங்க இசையை நீங்களே கேட்டுத் திருத்தினா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட நல்ல டெமோ கிடையாது. வேற ரூம்ல இருக்கிற வேற காது கட்டாயம் வேணும்.

கேசட்டிலிருந்து அலைவடிவம் வரை

அந்த வேற காதைத் தேடுறது புதுசு இல்ல. 1979-ல் டியாக் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’னு ஒரு கருவி கொண்டு வந்தது. சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக் தனித்தனியாப் பதியலாம். ஸ்டுடியோ வீட்டுக்குள்ள வந்தது அப்போதான். 1982-ல் வெளியான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘நெப்ராஸ்கா’ ஆல்பம் இந்தக் கருவியில வீட்டுல பதிஞ்சது. முதல்ல அது வெறும் மாதிரிப் பதிவுதான். இசைக்குழுவோட ஸ்டுடியோவுல மறுபடி வாசிச்சுப் பார்த்தும் கேசட்ல இருந்த அந்தத் தனிமை வரல. கடைசியில கேசட்டையே வெளியிட்டாங்க. குறி தெளிவா இருந்ததால எது ‘நல்ல’ பதிவுன்னு முடிவெடுக்க முடிஞ்சது. பேரில்லாத ஆயிரம் பேர் அதே எண்பதுகள்ல தங்கள் கேசட்டைத் தபால்ல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கிட்டாங்க. பின்னூட்டம் கடிதமா வரும், வாரக்கணக்கில் காத்திருக்கணும்.

2007-ல் பெர்லினில் தொடங்கின சவுண்ட்கிளவுட் ஒரு சின்ன மாற்றம் செஞ்சது. டிராக்கை அலைவடிவமாக் காட்டி, அதுல எந்த விநாடியில வேணும்னாலும் கமெண்டைக் குத்தி வைக்கலாம். ‘நல்லா இருக்கு’ என்பது ‘1:42-ல் நல்லா இருக்கு’ என்று மாறினாலே தகவல் பல மடங்கு கூடிடும்.

அந்தத் தளத்துலதான் 2012 ஜனவரியில் மார்க் வைடன்பாம் என்ற எழுத்தாளர் ‘டிஸ்கொயட் ஜுன்டோ’வைத் தொடங்கினார். வாரா வாரம் வியாழக்கிழமை ஒரு சின்னப் பணி தருவார், திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுப் பகிரணும். முதல் வாரப் பணி: கிளாஸில் ஐஸ் கட்டி ஆடும் சத்தத்தைப் பதிஞ்சு, அதிலிருந்து ஏதாவது உருவாக்குங்க. அவ்வளவுதான். 500 வாரங்களைத் தாண்டியும் அது ஓடினதுக்கு ஒரு காரணம் எளிது. பணி எல்லாருக்கும் பொது. அதனால குறியும் பொது. முன்பின் தெரியாத ஒருத்தர் உங்க டிராக்கைக் கேட்கும்போதும், நீங்க எதோட மல்லுக்கட்டினீங்கன்னு அவருக்குத் தெரியும். அவரும் அதே ஐஸ் கட்டியோட மல்லுக்கட்டினவர்தானே!

பகிர்றவங்களுக்கு

1. குறியை ஒரே வரியில எழுதுங்க. ‘மழை வர்றதுக்கு முந்தின புழுக்கம் கேட்கிறவங்களுக்கு வரணும்’ — இது போதும். பத்து வரி விளக்கம் வேணாம்.

2. ஒரு கேள்வி கேளுங்க. ‘எப்படி இருக்கு?’ன்னு கேட்டா ‘சூப்பர்’னுதான் வரும். ‘எந்த இடத்துல உங்களுக்கு போர் அடிச்சது?’, ‘2:10-ல் பக்கெட் சத்தம் திடுக்கிட வச்சதா, எரிச்சல் மூட்டினதா?’ன்னு கேட்டுப் பாருங்க.

3. சத்தத்தை முட்ட விடாதீங்க. பதியும்போது உச்சம் −6 டெசிபலுக்குக் கீழ இருக்கட்டும். 0-வைத் தாண்டினா அலையின் தலை வெட்டுப்படும். வெட்டினது திரும்ப வராது. (அதுதான் உங்களுக்கு வேணும்னா, குறியில சொல்லிடுங்க!)

4. வாட்ஸப் வாய்ஸ் நோட்டா அனுப்பாதீங்க, அது பேச்சுக்காக நல்லா அழுத்தின வடிவம். மூணு நிமிஷ ஸ்டீரியோ வேவ் ஃபைல் சிடி தரத்துல சுமார் 32 எம்பி. 320 கேபிபிஎஸ் எம்பி3-யா மாத்தினா சுமார் 7 எம்பிதான்.

5. ரெண்டு மிக்ஸை ஒப்பிடச் சொன்னா சத்த அளவைச் சமமாக்கிட்டுக் கொடுங்க. ஒண்ணு கொஞ்சம் சத்தமா இருந்தாலே நம்ம காது அதைத்தான் ‘நல்லது’ன்னு சொல்லும். குறைஞ்ச சத்தத்துல நமக்கு பேஸ் சரியாக் கேட்காதுன்னு பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிட்டாங்க.

கேட்கிறவங்களுக்கு

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 வாக்கில் உருவாக்கின ஒரு முறை இருக்கு. நடனத்துக்காக வந்தது, இசைக்கும் அப்படியே பொருந்தும். நாலு படி.

முதல் படி, உங்களுக்குள்ள நின்னது என்னன்னு சொல்லுங்க. ‘0:50-ல் ஃபேன் சத்தம் மட்டும் தனியா நின்னப்போ பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஞாபகம் வந்தது.’ இது பாராட்டு மட்டும் இல்ல, டிராக் என்ன வேலை செஞ்சதுங்கிற அளவீடு.

இரண்டாவது, பண்ணினவர் கேட்கிற கேள்விக்கு நேர்மையாப் பதில் சொல்லுங்க.

மூன்றாவது, நீங்க கேள்வி கேளுங்க. ஆனா கேள்விக்குள்ள கருத்தை ஒளிச்சு வைக்காதீங்க. ‘ஏன் இவ்ளோ நீளம்?’ங்கிறது கேள்வி இல்ல, தீர்ப்பு. ‘நீளத்தை எப்படி முடிவு பண்ணீங்க?’ங்கிறதுதான் கேள்வி.

நாலாவதாத்தான் கருத்து. அதுவும் ‘கிட்டாரோட அளவைப் பத்தி ஒண்ணு தோணுது, சொல்லலாமா?’ன்னு கேட்டுட்டு. ஓகேன்னா சொல்லுங்க, வேணாம்னா விட்டுடுங்க.

‘ட்யூன் எங்க?’ன்னு டைப் பண்ண வர்ற விரலை இந்த வரிசை தானாவே நிறுத்திடும்.

எல்லாத்தையும் கேட்டா ஆட்டம் காணும்

கடைசியா ஒரு எச்சரிக்கை. லூப்ல கெயின் அதிகமாகி, தாமதமும் சேர்ந்தா சிஸ்டம் குறியைச் சுத்தி ஊசலாட ஆரம்பிக்கும், நிலைக்கு வராது. ஷவர்ல சுடுதண்ணி வரலையேன்னு குழாயை முழுசாத் திருகி, சுட்டதும் முழுசா மூடி, திரும்பத் திருகுறோமே, அதே கதை. இருபது பேர்கிட்ட கேட்டு, ஒவ்வொருத்தர் சொன்னதுக்கும் டிராக்கை மாத்தினா, ரெண்டு வாரத்துல அது யாருடைய இசையும் இல்லாமப் போயிடும். மூணு பேர் போதும். ஒருத்தர் மட்டும் சொன்னா குறிச்சு வையுங்க. ரெண்டு பேர் தனித்தனியா அதே விநாடியைக் காட்டினா, அந்த இடத்தைத் திறந்து பாருங்க. அப்பவும் தீர்வு அவங்களுடையதா இருக்க வேண்டியதில்ல. ‘இங்க ஏதோ தொய்வு’ன்னு கேட்கிறவர் சொன்னா அநேகமா சரியாத்தான் இருக்கும். அதை எப்படிச் சரி பண்ணணும்ங்கிறது உங்க வேலை.

இந்த வாரப் பயிற்சி

மூணு பேர் சேருங்க. பொதுப் பணி: மெஸ் தட்டும் ஸ்பூனும் எழுப்புற சத்தம், அதிகபட்சம் ஒரு நிமிஷம், வேற எந்த வாத்தியமும் கிடையாது. வியாழன் தொடங்கி திங்கள் இரவுக்குள்ள முடிங்க. ஆளுக்கு ஒரு வரி குறி, ஒரு கேள்வி. மத்த ரெண்டு பேருக்கும் விநாடி குறிப்பிட்டு ரெண்டு ரெண்டு பின்னூட்டம் எழுதணும். ‘செம’, ‘சூப்பர்’, ‘வேற லெவல்’ மூணு வார்த்தைக்கும் தடை.

அடுத்த வாரம் பணியைச் சொல்றது உங்க மூணு பேர்ல யாருன்னு இப்பவே சீட்டு குலுக்கிடுங்க.